சங்கம் எதுக்கு சட்டம், கொள்கைன்னு அலையணும்? ரேட் பேசிக் குடுத்தா போதாதா?

குரல்மணி:

வணக்கம் மக்களே, கொஞ்சம் பெரிய பதிவு, பொறுமையா படிங்க. நான் டப்பிங், விளம்பரம், ஆடியோபுக்னு குரல் வேலை பாக்குறேன், மாச சம்பளம் கிடையாது, பேசுனாதான் காசு. சங்கத்துல மெம்பர், சந்தா ஒழுங்கா கட்டிட்டு வரேன். அடுத்த பொதுக்குழுல ஒரு தீர்மானம் வருது, சங்க நிதில ஒரு பெரிய பங்க ஒதுக்கி கொள்கைக் குழு போடப் போறாங்களாம், ஏஐ குரல் பத்தி சட்டம், காப்பிரைட் திருத்தம், ஃப்ரீலான்ஸ் ஆளுங்களுக்கு சமூகப் பாதுகாப்பு இதுக்கெல்லாம் மனு குடுக்கறது, சட்டம் போடுறவங்கள நேர்ல பாத்துப் பேசுறது, இதான் அந்தக் குழுவோட வேலையாம்.

எனக்கு இதுக்கு ஆதரவா ஓட்டுப் போடுறதா வேணாமான்னு முடிவுக்கு வர முடியல. எங்கள்ல நிறைய பேருக்கு பேமெண்ட் மாசக்கணக்குல நிக்குது, அத வாங்கிக் குடுக்கவே ஆள் இல்ல, இதுல சட்டம் கொண்டு வரப்போறோம்னா அது எந்தக் காலத்துல நடக்கும்?

இன்னொண்ணும் சொல்லிடறேன். சமீபத்துல ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன், ஹெட்ஃபோன் மாட்டி லெவல் செக் எல்லாம் முடிஞ்சப்புறம் ரெண்டு பக்கப் பேப்பர் ஒண்ண நீட்டுனாங்க. ரெண்டாவது பக்கத்துல பொடி எழுத்துல "இப்போதுள்ள மற்றும் இனி உருவாகும் அனைத்துத் தொழில்நுட்பங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக" என் குரலையும் "குரலின் மாதிரியையும்" பயன்படுத்திக்கலாம்னு போட்டிருக்கு. என்ன சார் இதுன்னு கேட்டா எல்லாரும் போடுறதுதான் மேடம், எப்பவும் உள்ள ஃபார்மட்னு சொல்றாங்க. வெளிய சோஃபால இன்னொரு பொண்ணு உக்காந்திருந்துச்சு, அதே வேலைக்குத்தான் அதையும் கூப்ட்டிருக்காங்கன்னு அப்புறம் தெரிஞ்சுது. படிச்சுட்டு தரேன்னு பேப்பர கையோட எடுத்துட்டு வந்துட்டேன், அன்னிக்கு ரெக்கார்டிங் நடக்கல. சங்கத்துல கேட்டா அந்த ஸ்டுடியோ நம்ம ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடல, அதனால நாம ஒண்ணும் பண்ண முடியாதுங்கறாங்க. அப்போ சட்டம் வந்தா மட்டும் மாறிடுமா? வேற நாடுகள்ல இதெல்லாம் எப்படி நடந்துச்சுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எழுதுகோல்77:

தோழர், நீங்க பேப்பர்ல கையெழுத்துப் போடாம எடுத்துட்டு வந்ததுக்கு முதல்ல ஒரு சபாஷ், அந்த இடத்துல நின்னு அத பண்றது சாதாரண விஷயம் இல்ல.

நான் ஸ்கிரிப்ட் எழுதுற ஆள், சங்க வேலைல ரொம்ப நாளா இருக்கேன். "அவங்க நம்ம ஒப்பந்தத்துல இல்ல"ன்னு உங்க சங்கம் சொன்னாங்க பாருங்க, கொள்கைக் குழு எதுக்குங்கறதுக்கு அதுவே காரணம். ஒரு சங்கம் எவ்வளவு பலமா இருந்தாலும் அது போடுற ஒப்பந்தம் கையெழுத்துப் போட்ட கம்பெனிய மட்டும்தான் கட்டும். ஆலைல வேலை பாக்குறவருக்கு ஒரே கேட்டு, ஒரே முதலாளி. நமக்கு இன்னிக்கு ஒரு ஸ்டுடியோ, நாளைக்கு ஒரு ஏஜென்சி, அடுத்த வாரம் எங்கயோ இருக்குற ஒரு ஆப் கம்பெனி, இதுல பாதி பேர் சங்கத்தோட உக்காந்து பேசவே மாட்டாங்க. எல்லாரையும் ஒரே நேரத்துல கட்டுப்படுத்துறது சட்டம் ஒண்ணுதான்.

அமெரிக்காவுல 2023ல நடந்தத எடுத்துக்கங்க. எழுத்தாளர் சங்கம் மே 2லருந்து 148 நாள் ஸ்ட்ரைக், நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ரா ஜூலை 14லருந்து 118 நாள். எழுத்தாளர்களுக்கு என்ன கெடைச்சுதுன்னா, ஏஐ எழுதுனத எழுத்தாளர் படைப்புன்னு கணக்குல வைக்கக் கூடாது, ஏஐ எழுதுன பிரதிய கைல குடுத்து வேலை வாங்குனா இது ஏஐ எழுதுனதுன்னு முன்னாடியே சொல்லிடணும். நடிகர்களுக்கு அவங்க உருவத்தையோ குரலையோ டிஜிட்டலா நகல் எடுக்கணும்னா சம்மதமும் கேக்கணும், காசும் குடுக்கணும். பெரிய வெற்றிதான், ஆனா அது அந்த ஒப்பந்தத்துக்குள்ள வர்ற கம்பெனிகளுக்குத்தான் செல்லும், வெளிய இருக்குற கம்பெனிய அது தொடாது. அதனால நடிகர் சங்கம் அதோட நிக்காம கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்குப் போச்சு. அப்படி வந்ததுதான் ஏபி 2602ங்கற சட்டம், 2024 செப்டம்பர்ல கையெழுத்தாகி 2025 ஜனவரி 1லருந்து நடைமுறைல இருக்கு.

அது என்ன சொல்லுதுன்னு உங்க பேப்பர பக்கத்துல வெச்சுக்கிட்டே படிங்க. நீங்க நேர்ல வந்து பண்ணியிருக்க வேண்டிய வேலைய உங்க குரல் நகல வெச்சு பண்ணிக்கலாம்னு ஒரு வரி இருக்கு, அந்த நகல எதுக்குப் பயன்படுத்தப் போறோம்னு தெளிவா சொல்லல, கையெழுத்துப் போடும்போது உங்க பக்கம் வக்கீலோ சங்கமோ இல்ல. இந்த மூணும் சேந்து இருந்தா அந்த வரி செல்லாது. நீங்க கையெழுத்தே போட்டிருந்தாலும் செல்லாது! "நிரந்தரமாக, அனைத்துத் தொழில்நுட்பங்களிலும்"னு பொத்தாம்பொதுவா எழுதி வாங்குறாங்களே, அந்த மாதிரி வரிய மனசுல வெச்சுத்தான் இத எழுதியிருக்காங்க. இது கலிஃபோர்னியாவுலதான் செல்லும், ஆனா உங்க குழு ஒரு வரைவு எழுத உக்காந்தா முன்மாதிரியா வெச்சுக்க இத விட நல்லது நான் பாக்கல.

பேமெண்ட் நிக்குறதும் இதே கதைதான். நியூயார்க் நகரத்துல 2017 மே மாசத்துலருந்து ஒரு சட்டம் இருக்கு, ஃப்ரீலான்ஸ் இஸன்ட் ஃப்ரீன்னு பேரு. 800 டாலருக்கு மேல வேலைன்னா எழுத்துல ஒப்பந்தம் குடுத்தே ஆகணும், தேதி போடலேன்னா வேலை முடிஞ்ச 30 நாளுக்குள்ள காசு வரணும், இழுத்தடிச்சா கேஸ் போட்டு ரெண்டு மடங்கு வரைக்கும் வாங்கலாம். 2024 ஆகஸ்டுல அத மாநிலம் முழுசுக்கும் கொண்டு வந்துட்டாங்க. ஒவ்வொரு பாக்கிக்கும் சங்கம் ஃபோன் போட்டுக் கெஞ்சுறதுக்கும், சட்டப் பிரிவ எடுத்துக் காட்டி ஒரு லெட்டர் அனுப்புறதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

வண்ணக்கோடு:

நான் புத்தகங்களுக்குப் படம் வரையுறேன். ரேட் பேசிக் குடுத்தா போதாதான்னு தலைப்புல கேட்டிருக்கீங்க அக்கா, ரேட் பேசுறதே குத்தம்னு சொன்னா என்ன பண்ணுவீங்க?

கதை விடல, நடந்தது. அயர்லாந்துல குரல் கலைஞர்களுக்கு விளம்பரத்துக்கு இவ்வளவு கட்டணம்னு அங்க உள்ள நடிகர் சங்கமும் விளம்பர ஏஜென்சிகளோட அமைப்பும் பேசி ஒரு ஒப்பந்தம் வெச்சிருந்தாங்க. 2004ல போட்டி ஆணையம், அதாவது கம்பெனிங்க கூட்டு சேந்து விலை வெக்காம பாத்துக்குற அரசு அமைப்பு, அது தப்புன்னு முடிவு பண்ணுச்சு. ஏன்னா இந்தக் கலைஞர்கள் யாருக்கும் ஊழியர் கிடையாது, ஒவ்வொருத்தரும் தனித்தனி தொழில் நிறுவனம் மாதிரி, நாலு நிறுவனம் சேந்து ஒரே விலை வெச்சா அது கூட்டு விலை நிர்ணயம். சிமெண்ட் கம்பெனிங்க சேந்து விலை ஏத்தக் கூடாதுன்னு போட்ட சட்டம் ஒரு விளம்பரத்துக்கு குரல் குடுத்து வீட்டு வாடக கட்டுறவங்க மேல வந்து விழுந்துச்சு. அத மாத்த எத்தன வருஷம் ஆச்சு தெரியுமா, 2017லதான் போட்டிச் சட்டத்துல திருத்தம் வந்து குரல் நடிகர்கள், ஸ்டுடியோ இசைக்கலைஞர்கள், ஃப்ரீலான்ஸ் பத்திரிகையாளர்கள் மூணு பேருக்கும் சங்கம் மூலமா கூட்டா பேரம் பேசலாம்னு விலக்கு குடுத்தாங்க. 13 வருஷம்! அந்த 13 வருஷமும் சங்கங்கள் விடாம அதே கோரிக்கைய தூக்கிட்டு நடந்ததாலதான் வந்துச்சு, தானா வரல.

நெதர்லாந்துலயும் இதே தலைவலி, ஆர்கெஸ்ட்ராவுல ஆள் வராத அன்னிக்கு மாத்தா வந்து வாசிக்குற இசைக்கலைஞர்கள் விஷயத்துல. சங்கம் ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போச்சு, 2014 டிசம்பர்ல தீர்ப்பு, பேருக்குத்தான் சுயதொழில், உண்மைல ஊழியர் மாதிரியே வேலை பாக்குறாங்கன்னா அவங்களுக்கு கூட்டு ஒப்பந்தம் போடலாம்னு சொல்லிச்சு. அப்புறம் 2022ல ஐரோப்பிய ஆணையமே தனியா வேலை பாக்குற சுயதொழில் ஆளுங்க கூட்டா பேசலாம்னு வழிகாட்டு நெறிமுறை போட்டுச்சு.

அதனால ரேட் தனி, கொள்கை தனின்னு பிரிக்காதீங்க ப்ளீஸ். நீங்க பேரம் பேச உக்காரலாமா கூடாதாங்கறதே சட்டம் முடிவு பண்ற விஷயம். எனக்கு இத படிச்ச அன்னிக்கு தூக்கமே வரல, ஏன்னா நாங்க ஓவியர்கள் ஒரு குரூப்ல அட்டைப்படத்துக்கு குறைஞ்சது இவ்வளவு வாங்குவோம்னு பேசிட்டிருந்தோம், அதுக்கே ஆப்பு வைக்க முடியும்னு அதுவரைக்கும் யாரும் சொல்லல.

செய்திக்காரன்:

மேல ரெண்டு பேர் சொன்னதும் சரி, ஆனா மறுபக்கத்தையும் சொல்லணும், இல்லேன்னா இவங்க கண்ண மூடிட்டு ஓட்டுப் போட்டுருவாங்க. நான் ஃப்ரீலான்ஸ் பத்திரிகையாளன்.

அதே கலிஃபோர்னியாவுல 2019ல ஏபி 5ன்னு ஒரு சட்டம் வந்துச்சு. நோக்கம் நல்ல நோக்கம், ஊழியர்கள காண்ட்ராக்டர்னு பேர மாத்தி பிஎஃப், இன்சூரன்ஸ் மாதிரி எதையும் குடுக்காம ஏமாத்தக் கூடாது. தொழிற்சங்கங்கள் முழு மூச்சா ஆதரிச்சுது. ஆனா ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர், ஃபோட்டோகிராஃபருக்கு ஒரு உச்சவரம்பு வெச்சாங்க, ஒரு பத்திரிகைக்கு வருஷத்துக்கு 35 தடவ வரைக்கும் எழுதியோ படம் எடுத்தோ குடுத்தா இந்தச் சட்டத்துலருந்து விலக்கு, அதுக்கு மேல போனா அந்த விலக்கு போயிடும், ஊழியரா எடுக்க வேண்டி வரலாம். வாரம் ஒரு பத்தி எழுதுறவருக்கு வருஷத்துக்கு 52 ஆகுது. அவர ஊழியரா எடுத்துக்குவாங்கன்னு நெனச்சு சட்டம் போட்டாங்க, நெறைய இடத்துல அவர கழட்டி விட்டுட்டு வேற மாநிலத்து ஆளப் பாத்தாங்க. இசைக்கலைஞர்களுக்கும் இதே கஷ்டம், ஒரு ராத்திரி கச்சேரிக்கு நாலு பேர் சேந்து வாசிச்சா யார் முதலாளி யார் ஊழியர்? கடைசில 2020 செப்டம்பர்ல ஏபி 2257னு திருத்தம் கொண்டு வந்து அந்த 35ஐ எடுத்துட்டாங்க, இசைக்கலைஞர்களுக்கும் தனி விலக்கு குடுத்தாங்க.

இதுல எனக்குக் கோவம் என்னன்னா அந்த 35ங்கற எண்ண எழுதும்போது வாராவாரம் பத்தி எழுதுற ஒருத்தர பக்கத்துல உக்கார வெச்சுக் கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல சொல்லியிருப்பார். கொள்கைக் குழுன்னா முழுநேர ஊழியர்களும் தலைவர்களும் மட்டும் உக்காந்து பேசி, அப்புறம் ஃப்ரீலான்ஸ் ஆளுங்களுக்கும் இது நல்லதுன்னு அறிவிக்கிற குழுவா இருந்தா நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன். தீர்மானத்துல குழு உறுப்பினர் யாரு, எப்படித் தேர்வு, செலவுக் கணக்க யார்கிட்ட எப்போ காட்டுவாங்கன்னு எழுதியிருக்கான்னு பாருங்க.

வெள்ளைச்சீருடை:

நான் நர்ஸ், கலைத்துறை இல்ல, ஆனா தலைப்பப் பாத்ததும் எழுதணும்னு தோணுச்சு, ஏன்னா எங்க தொழில்ல பெரிய மாற்றமே இந்த வழிலதான் வந்துச்சு.

நைட் ட்யூட்டில ஒரு நர்ஸுக்கு எத்தன பேஷண்ட்? இத சம்பள ஒப்பந்தத்துல கேட்டா நிர்வாகம் அது எங்க நிர்வாக விஷயம்னு சொல்லிடும். ஒரு ஆஸ்பத்திரில போராடி வாங்குனாலும் பக்கத்து ஆஸ்பத்திரில இருக்காது, அப்புறம் இவங்க செலவு அதிகம்னு சொல்லி அதையும் கொறைப்பாங்க. கலிஃபோர்னியா நர்ஸுங்க சங்கம் அத சட்டமாவே கேட்டாங்க. 1999ல சட்டம் நிறைவேறுச்சு, எண்ணிக்கை நடைமுறைக்கு வந்தது 2004ல, பொது வார்டுல முதல்ல ஒரு நர்ஸுக்கு 6 பேஷண்ட், அப்புறம் 5. நடுவுல அந்த 5ஐ தள்ளிப்போட கவர்னர் முயற்சி பண்ணாரு, நர்ஸுங்க அவர் போற இடமெல்லாம் போய் நின்னாங்க, கோர்ட்டும் அவருக்கு எதிரா சொல்லிச்சு.

ஒரு நர்ஸுக்கு 5 பேஷண்ட்னா என்னன்னு வெளில இருக்குறவங்களுக்குப் புரியுறது கஷ்டம். ஒருத்தருக்கு ட்ரிப்ஸ் முடியப் போகுது, ஒருத்தருக்கு ரத்தம் ஏத்த ஆரம்பிச்ச முதல் 15 நிமிஷம் பக்கத்துலயே நின்னு பாக்கணும், ஒருத்தர் பாத்ரூம் போக எந்திரிக்கப் பாக்குறார் விழுந்துடுவார், இதுக்கு நடுவுல மருந்து ட்ராலிய தள்ளிட்டு பேரு, டோஸ் சரி பாத்துக் குடுக்கணும். 5 பேர்னா மூச்சு விட்டு பண்ணலாம், 10 பேர்னா எங்கயோ ஒண்ணு விட்டுப் போகும், விட்டுப் போறது ஒரு உசுரா இருக்கலாம். அதனாலதான் இது எங்க சலுகை மட்டும் இல்ல, பேஷண்டோட விஷயம்னு மக்கள்கிட்ட சொல்ல முடிஞ்சுது, மக்களும் கூட நின்னாங்க. உங்க விஷயத்துலயும் அந்த மாதிரி பொதுமக்களுக்கு ஒட்டுற இடம் இருக்கு மேடம், போலிக் குரல்ல ஃபோன் வந்து மோசடி நடக்குதே, அனுமதி இல்லாம குரல நகல் எடுக்கக் கூடாதுங்கறது எல்லாருக்கும் வேண்டியதுதான்.

குரல்மணி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா வரும்னு எதிர்பாக்கல. அயர்லாந்து விஷயம் படிச்சப்போ வயித்தக் கலக்கிடுச்சு. செய்திக்காரன் அண்ணன் கேட்டதப் பாத்து தீர்மானத்த மறுபடி படிச்சேன், குழு உறுப்பினர் யாருன்னே அதுல இல்ல, செயற்குழு முடிவு செய்யும்னு ஒரே வரி.

ரெண்டு கேள்வி. இந்தக் குழு நிஜமா தினமும் என்ன வேலை பாக்கும், மனு எழுதுறதத் தவிர? அப்புறம் அந்த சோஃபால உக்காந்திருந்த பொண்ணு மாதிரி, வேற வழி இல்லாம கையெழுத்துப் போடுறவங்களுக்கு எந்தச் சட்டம் உதவும்? நான் போடலேன்னா இன்னொருத்தர் போட்டுடுவாங்க, அவங்கள தப்பு சொல்லவும் எனக்கு மனசு வரல.

எழுதுகோல்77:

ரெண்டாவது கேள்விய முதல்ல எடுத்துக்கறேன், அதுதான் உயிர்நாடி. சம்மதம் கேக்கணும்னு மட்டும் சட்டம் இருந்தா பத்தாது, பசில இருக்குறவங்க சம்மதம் குடுத்துடுவாங்க. எழுதிக் குடுக்கவே முடியாத உரிமைன்னு ஒண்ணு வேணும். இந்தியாவுல 2012ல காப்பிரைட் சட்டத்துல வந்த திருத்தம் அப்படிப்பட்டது. அதுவரைக்கும் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ஒரு தடவ காசு வாங்கிட்டு எல்லாத்தையும் எழுதிக் குடுத்துடுவாங்க, பாட்டு எத்தன வருஷம் எங்க ஒலிச்சாலும் அவங்களுக்கு ஒண்ணும் வராது. திருத்தத்துக்கு அப்புறம், தியேட்டர்ல படத்தோட சேந்து ஓடுறதத் தவிர மத்த பயன்பாட்டுக்கு வர்ற ராயல்டில சம பங்கு அவங்களோடது, அத விட்டுக் குடுக்குறேன்னு ஒப்பந்தத்துல எழுதுனாலும் செல்லாது. ஜாவேத் அக்தர் மாநிலங்களவைல உறுப்பினரா இருந்துக்கிட்டே இதுக்காகப் பேசுனாரு. அந்த மாதிரி ஒரு பிரிவு குரல் நகலுக்கு இருந்தா நீங்களும் அந்தப் பொண்ணும் ஒரே பக்கம் நிப்பீங்க, யார் போட்டாலும் அந்த வரிக்கு மதிப்பு இல்லேன்னா ஸ்டுடியோவுக்கு உங்க ரெண்டு பேர மோத விடவே காரணம் இருக்காது.

ஐரோப்பாவுல 2019 காப்பிரைட் டைரக்டிவ்ல, அதாவது ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தங்க சட்டத்துல கொண்டு வர வேண்டிய பொது விதில, இன்னொரு நல்ல விஷயம் இருக்கு, ஆரம்பத்துல பேசுன தொகை பின்னாடி வந்த வருமானத்தோட ஒப்பிட்டா ரொம்பக் கொறைச்சல்னா கலைஞர் திரும்ப வந்து கூடுதலா கேக்கலாம். அத அவர் சார்பா சங்கமே கேக்கலாம்.

மனுவேலை:

முதல் கேள்விக்கு நான் சொல்றேன், ஒரு சங்கத்துல இந்த வேலைதான் பாக்குறேன். மனு எழுதுறது ரொம்பக் கொஞ்சம். பெரிய வேலை பேப்பர் சேக்குறது. உங்க கைல இருக்குற அந்த ரெண்டு பக்கம் மாதிரி ஒப்பந்தங்கள், தேதியோட இன்வாய்ஸ், காசு எப்போ வந்துச்சுங்கற பேங்க் மெசேஜ், கூப்பிட்டு ரத்து பண்ண வாட்ஸ்அப் சாட். கலைஞர்கள் சுரண்டப்படுறாங்கன்னு அதிகாரி முன்னாடி எவ்வளவு உருக்கமா பேசுனாலும் தலைய ஆட்டிட்டு அடுத்த ஆளக் கூப்பிடுவாரு. ஒரே மாதிரி வரி உள்ள பல ஒப்பந்தத்த மஞ்சள் மார்க்கர் போட்டு மேசைல வெச்சா கண்ணாடிய எடுத்து மாட்டுவாரு. ரெண்டும் நேர்ல பாத்திருக்கேன்.

அடுத்தது சட்டம் வந்தப்புறம் வர்ற வேலை, இதத்தான் சங்கங்கள் அதிகமா கோட்டை விடுது. சட்டம் பாஸ் ஆன அன்னிக்கு ஸ்வீட் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க, அதுக்கப்புறம் விதிமுறை எழுதும்போது எதிர்த் தரப்பு வக்கீலுங்க மட்டும்தான் அங்க உக்காந்திருப்பாங்க. ஒரு எண்ணு எப்படி எழுதப்படுதுங்கறதுல ஒரு தலைமுறையே மாட்டிக்கும். அமெரிக்க வருமான வரில 1986ல மேடைக் கலைஞர்களுக்கு ஒரு நல்ல சலுகை வந்துச்சு, ஏஜெண்ட் கமிஷன், பயிற்சி, பயணம் மாதிரி தொழில் செலவ கழிச்சுக்கலாம். ஆனா வருமானம் 16,000 டாலருக்கு உள்ள இருக்கணும்னு எழுதுனாங்க, விலைவாசியோட சேத்து ஏறும்னு எழுதல. அந்த எண்ண நடிகர் சங்கங்கள் வருஷக்கணக்கா மாத்தச் சொல்லிட்டு இருக்கு. இன்னிக்கு 16,000ல வாழுற முழுநேர நடிகர் எங்க இருக்காரு? 2017 வரிச் சட்டத்துல ஊழியர்களுக்கு இருந்த பொதுவான செலவுக் கழிவையும் எடுத்துட்டாங்க, அப்போ இந்தப் பழைய பிரிவாவது பயன்படணும்ல, பயன்படல.

ஃப்ரான்ஸ்ல பாருங்க, படப்பிடிப்பு, மேடைன்னு விட்டு விட்டு வேலை பாக்குறவங்களுக்கு வேலையில்லாக் காலத்துல உதவித்தொகை உண்டு, 12 மாசத்துல 507 மணி நேரம் வேலை பாத்திருக்கணும்ங்கறது கணக்கு. 2003ல அந்த விதிகள இறுக்குனப்போ கலைஞர்களும் டெக்னீஷியன்களும் எந்திரிச்சாங்க, ஆவின்யோன் நாடக விழாவே அந்த வருஷம் ரத்தாச்சு. ஏற்கெனவே இருக்குற ஒரு உரிமைய வருஷா வருஷம் காவல் காக்கவும் ஆள் வேணும், அதுவும் இந்தக் குழுவோட வேலைதான்.

உங்க தீர்மானத்துக்கு வரேன். எதிர்த்து ஓட்டுப் போடாதீங்க, திருத்தம் குடுங்க. குழுல பாதி இடமாவது ஃப்ரீலான்ஸ் உறுப்பினர்களுக்கு, அதுவும் உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவ கணக்கு. ஒதுக்குற பணத்துல ஒரு பகுதி பாக்கிப் பேமெண்ட் வசூலிக்குற ஆளுக்கு, ஏன்னா அந்தப் பாக்கிக் கேஸுங்கதான் நாளைக்கு சட்டம் கேக்கும்போது உங்க ஆதாரம். பல சங்கங்கள்ல திருத்தத்த கூட்டத்துக்கு முன்னாடியே எழுத்துல குடுக்கணும், வழிமொழிய ஆளும் வேணும், அதனால விதிப் புத்தகத்த இன்னிக்கே எடுத்துப் பாருங்க. அந்த ஸ்டுடியோ பேப்பர குழுவுக்குக் குடுக்கும்போது உங்க பேரு, தொகை, தேதிய கறுப்படிச்சு நகல் மட்டும் குடுங்க, அசல நீங்களே வெச்சுக்கங்க.

குரல்மணி:

விதிப் புத்தகம் எடுத்துட்டேன். ஏழு நாள் முன்னாடி எழுத்துல குடுக்கணும், ரெண்டு பேர் வழிமொழியணும்னு இருக்கு, நாள் இருக்கு. திருத்தத்த இன்னிக்கு ராத்திரி எழுதி இங்கயே போடுறேன், செய்திக்காரன் அண்ணே, நீங்க ஒரு தடவ படிச்சு ஓட்டை இருந்தா சொல்லணும்.

செய்திக்காரன்:

போடுங்கம்மா, படிக்கிறேன். "ஃப்ரீலான்ஸ் உறுப்பினர்"னா யாருன்னு முதல் வரிலயே விளக்கம் எழுதிடுங்க, இல்லேன்னா அந்த இடங்களுக்கும் மாச சம்பள ஆளுங்களே வந்து உக்காருவாங்க.